மொட்டைமாடியில் கூடிய மலையூர்

குளியலறை வரிசைக்கு முதல் ஆளாக வந்து நின்று, கடைசி ஆளாகக் குளித்துவிட்டுப் போகிற மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தோஹா தொழில்பேட்டையில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கேம்ப்பில் எலக்ட்ரீஷியனாகக் கிடந்த வருஷங்கள் அவை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்தப் பத்தாண்டில் தோஹா முழுக்கச் சாரம் கட்டி நின்றது. காலையில் டியூட்டி பஸ் ஹாரன் அடிப்பதற்குள், மாடிக்கு நாலைந்தே இருந்த குளியலறைகளில் அத்தனை பேரும் குளித்தாக வேண்டும். வாளி பறக்கும், வார்த்தை பறக்கும், சில நாள் சட்டைப் பொத்தானும் பறக்கும். நான் ராமநாதபுரத்துக்காரன். தண்ணீருக்கு அடித்துக்கொள்வது எனக்குப் புதிதல்ல. சண்டை போட்டவர்களை எனக்கு நன்றாகவே புரிந்தது. சண்டை போடாமல் தோளில் துண்டோடு ஓரமாக நின்ற அந்த ஆளைத்தான் புரியவில்லை.

அவர் பக்கத்து ரூம் நேபாளி. முன்பல் ஒன்றில் தங்கம் கட்டியிருப்பார். அதனால் எங்களுக்கு அவர் தங்கப்பல்லர். கேம்ப்பில் எல்லாருக்கும் பொதுவானது ஹிந்திதான். அவர்கள் ஹிந்தியும் என் ஹிந்தியும் ஒன்றையொன்று மன்னித்துக்கொண்டு பேசியவற்றைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“என்ன பாய், தண்ணி மேல ஏதும் விரதமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இல்ல பாய். இந்த வருஷம் என் முறை” என்றார், பல் தெரியச் சிரித்து.

“முறைன்னா முன்னாடில்ல குளிக்கணும்?”

“ரூம் தலைவர் முறை. எங்க ஊர் வழக்கம் பாய், தலைவருக்குத் தண்ணி கடைசியிலதான்.”

இப்படித்தான் அந்த ஊர் எனக்கு அறிமுகமாயிற்று. பக்கத்து ரூமில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே ஊர். நேபாளத்தின் வடக்குக் கோடியில், திபெத்து எல்லையை ஒட்டி, பஸ் போகிற ரோட்டிலிருந்து நாள்கணக்கில் நடந்து ஏற வேண்டிய ஊர். பார்லியும் உருளைக்கிழங்கும் போடுவார்கள், சடைமாடு வளர்ப்பார்கள். மழை கிடையாது. மேலே மலையில் பனி உருகி வருகிற ஒரே ஒரு வாய்க்கால்தான் ஊருக்கு உயிர். எம்.எல்.ஏ. அங்கே வந்ததில்லை, போலீஸ் வந்ததில்லை, தாசில்தார் மாதிரி யாரோ ஒருவர் எப்போதோ கிளம்பி, பாதி வழியில் மூச்சு வாங்கித் திரும்பிவிட்டாராம். ஊரை ஊரேதான் பார்த்துக்கொள்கிறது.

பார்த்துக்கொள்கிற விதம்தான் விசேஷம். தலைவர் பதவி தெருவில் வீடு இருக்கிற வரிசைப்படி ஒரு வருஷத்துக்கு ஒரு வீடாக நகர்ந்துகொண்டே போகும். யாரும் கேட்டு வாங்க முடியாது, யாரும் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. பனி உருகி வாய்க்கால் திறக்கிற நாளில் புதுத் தலைவர் உட்காருவார். அன்றிலிருந்து ஒரு வருஷம் அவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அவர் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. யாருக்கு என்ன குறை என்றாலும் எந்த நேரத்திலும் உள்ளே வரலாம். எல்லாவற்றுக்கும் மேலே, எல்லார் வயலும் பாய்ந்த பிறகுதான் தலைவர் வயலுக்குத் தண்ணீர்.

நான் விடவில்லை. “அப்புறம் எவன் தலைவராவான்?” என்று கேட்டேன்.

“யாரும் ஆக மாட்டாங்க பாய். அதனாலதான் முறை வச்சிருக்கு” என்றார்.

எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் வந்தால் முதல் மடை யாருக்குத் திறக்கும் என்று எனக்குத் தெரியும். யாருடைய வாய் பெரிதோ, யாருக்குப் பின்னால் ஆள் அதிகமோ அவருக்கு. இது சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியதால், உலகமே இப்படித்தான் என்று இருந்துவிட்டேன். மலைமேல் கிடக்கிற ஒரு ஊர், எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லாமல், தலைவனைக் கடைசியில் நிறுத்தி வைத்திருக்கிறது என்பதைக் கேட்டபோது முதலில் எனக்கு வந்தது கோபம்தான். இத்தனை நாள் இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்கிற கோபம். எங்கள் ரூமிலும் இதை அமல்படுத்திப் பார்த்தேன். தலைவனாவதற்கு எல்லாரும் போட்டி போட்டார்கள், கடைசியில் குளிப்பதற்கு ஒருவரும் இல்லை. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

நேபாளிகளின் அந்த ரூமில் இன்னொருவர் இருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், பேச்சு குறைவு, எங்கள் சைட்டில் கம்பி கட்டுகிற வேலை. எங்களுக்கு நெட்டையர். ஒரு குளிர்காலத்தில் ஊரிலிருந்து அவருக்குச் சேதி வந்தது. பனி உருகினால் தலைவர் முறை அவர் வீட்டுக்கு. அப்பா இறந்துவிட்டார், அண்ணன் தம்பி கிடையாது. வீட்டில் மனைவியும் நடை பழகுகிற பெண் குழந்தையும் மட்டும்தான். முறை வந்த வீட்டிலிருந்து ஆள் உட்காராவிட்டால் அந்த வீடு வரிசையிலிருந்து விழுந்துவிடும். விழுந்த வீட்டுக்குச் சபையில் பேச்சு கிடையாது, வாய்க்காலில் பங்கும் கிடையாது. பிறத்தியார் பார்த்து விடுகிற மிச்சத் தண்ணீரில்தான் பிழைக்க வேண்டும். பிள்ளைக்கும் பேரனுக்கும் அதுதான் கதி.

கேம்ப் பாஸிடம் அவரைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். ஊர்த் தலைவராகப் போக வேண்டும், ஒரு வருஷம் லீவு வேண்டும் என்றோம். கேம்ப் பாஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தலைவரா? கம்பி கட்டுறவனா?” என்று சிரித்தார். “லீவு மாஃபி. காண்ட்ராக்ட் முடியட்டும். பாஸ்போர்ட் ஆபீஸ்ல பத்திரமா இருக்கு. கலாஸ், முடிஞ்சது, போ.”

வெளியே வந்து, வாசலில் கிடந்த செருப்பைப் போட்டுக்கொள்ள நெட்டையருக்கு வெகுநேரம் ஆயிற்று. நான்தான் வழியெல்லாம் கேம்ப் பாஸைத் தமிழில் திட்டிக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் நான் நுழைந்ததற்குக் காரணம் என் மொபைல். சைனா செட். விலை சொற்பம், சத்தம் பிரமாதம். ஸ்பீக்கரைப் போட்டால் மாடி முழுக்கக் கேட்கும். அவர்கள் ஊரில் இருந்தது ஒரே ஒரு போன். கடைக்காரர் வீட்டுக் கூரையில் தட்டு ஆன்டெனா வைத்த போன். வெயில் அடித்து சார்ஜ் ஏறினால் பேசலாம், பனி மூடினால் பேச்சு இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் எங்களுக்கு விடுமுறை, அங்கே வெயில் இருக்கும். தங்கப்பல்லர் வந்து போனைக் கேட்டார். போனோடு நானும் வருவேன் என்றேன். ஆர்வம்தான், வேறென்ன. கொஞ்சம் யோசித்துவிட்டு, “போன்காரருக்குச் சபையில வாய் கிடையாது, சரியா?” என்று கேட்டார். சரி என்றேன்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிகளின் நிழலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். போன் நடுவில், ஒரு கவிழ்த்த வாளியின் மேல். ஊரிலிருந்து நடப்புத் தலைவர் பேசினார். வயசாளியின் குரல். தங்கப்பல்லர் எனக்குக் காதோரம் ஹிந்தியில் சொல்லிக்கொண்டே வந்தார். நெட்டையர் வர முடியாது என்று தெரிந்துவிட்டது, அவருடைய மனைவி உட்காரலாமா என்பதுதான் கேள்வி. இதுவரை பெண் உட்கார்ந்ததே இல்லை. இல்லாத ஒன்றைப் புதிதாகச் செய்ய வேண்டுமானால் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லா வீடும் சரி சொல்ல வேண்டும். பாதி வீடுகளின் ஆண்கள் இங்கே மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் நீங்களும் சபை கூடிச் சொல்லுங்கள் என்றார் பெரியவர்.

தங்கப்பல்லர் ஒவ்வொருவரையும் வீட்டைச் சொல்லிக் கேட்டார். மேல்வீடு? பாறையடி வீடு? பாலத்து வீடு? மனைவி உட்காரட்டும், நெட்டையர் போனில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தால் போதும் என்று வரிசையாகச் சரி வந்தது. கடைசியில் ஒரே ஒரு குரல், “என் வீட்டுக்குச் சம்மதம் இல்ல” என்றது.

அது அவர்களுடைய சமையல்காரர். ரூம் சமையலைப் பார்த்துக்கொள்வார், குள்ளமான ஆள், எப்போதும் முகத்தில் ஒரு எரிச்சல். அவருக்கும் எனக்கும் அடுப்படியில் பழைய பகை. அவருடைய கடுகெண்ணெய் எனக்கு ஆகாது, நான் தாளிக்கிற மிளகாய் அவருக்கு ஆகாது. இருமிக்கொண்டே என்னை முறைப்பார். வேறு யார் இல்லை என்று சொல்லியிருந்தாலும் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

இனி அவரைச் சூழ்ந்துகொண்டு பிடித்து உலுக்குவார்கள் என்று காத்திருந்தேன். எங்கள் பக்கம் அப்படித்தான். கூட்டத்தில் ஒருத்தன் மாட்டேன் என்றால் அவன் சொந்தக்காரனைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்து அமுக்குவார்கள். இங்கே நடந்ததோ வேறு. தங்கப்பல்லர் எழுந்து போய்க் கெட்டிலிலிருந்து தேநீர் ஊற்றி, முதல் டம்ளரை இரண்டு கையாலும் சமையல்காரரிடம் கொடுத்தார். அவர் வாங்கிக் குடிக்கிற வரை மற்ற யாரும் குடிக்கவில்லை. நெட்டையரும் காத்திருந்தார், தலை குனிந்தபடி. இல்லை என்று சொன்னவருக்குத்தான் முதல் மரியாதை. அவர் காரணம் சொல்ல வேண்டுமா என்றால், அடுத்த சபையில் சொன்னால் போதும். அதுவரை அவரிடம் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

“ஏன்?” என்று கேட்டேன், மாடிப்படியில் இறங்கும்போது.

“ஊரே ஒரு பக்கம் நிக்கும்போது ஒருத்தன் இல்லன்னு சொல்றது கஷ்டம் பாய். அவன் ஏதோ பார்த்திருக்கான். அது என்னன்னு நமக்குத் தெரியுற வரைக்கும் அவன் தெம்பா இருக்கணும்” என்றார் தங்கப்பல்லர்.

அன்றைக்கு என் கட்டிலில் வந்து படுத்த பிறகு இதையே திருப்பித் திருப்பி யோசித்தேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், பெரிய படிப்பெல்லாம் இல்லை. ஆனால் இதைவிட உயரமான ஒரு யோசனையை எந்தப் படித்தவர் வாயிலிருந்தும் கேட்டதாக நினைவில்லை. உடம்பு சிலிர்த்தது. அதே சமயம் அந்தச் சமையல்காரரை நாலு அறை அறையலாம் போலவும் இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அறைய நினைத்ததோடு நான் நின்றேன். என் ரூம்மேட் நிற்கவில்லை. அவர் புதுக்கோட்டைக்காரர், பிளம்பர், நெட்டையரோடு ஒரே சைட். நெட்டையர் சரியாகச் சாப்பிடவில்லை என்று தினமும் வந்து புலம்புவார். வாரக் கடைசியில் பொறுக்க முடியாமல் அடுப்படிக்குள் புகுந்து சமையல்காரரைப் பிடித்துக்கொண்டார்.

“ஏய்யா, அத்தன பேரு சரிங்குறாக, நீ ஒத்த ஆளு குறுக்க நிக்கிறியே, நல்லாருக்கா? அந்த மனுசன் மொகத்தப் பாத்தியா? பேசாம சரின்னு சொல்லிட்டுப் போய்யா. யல்லா, சீக்கிரம்!” என்று அரைகுறை ஹிந்தியும் முழுத் தமிழுமாகப் பொரிந்து தள்ளினார்.

சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டு நேராகத் தங்கப்பல்லரிடம் போய்ச் சொல்லிவிட்டார். தங்கப்பல்லர் எங்கள் ரூமுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்தார்.

“நாளைக்குச் சபை இல்ல பாய்” என்றார்.

“ஏங்க?” என்று பதறினார் புதுக்கோட்டைக்காரர்.

“நீங்க அவன்கிட்டப் பேசிட்டீங்க. இனி நாளைக்கு அவன் சரின்னு சொன்னாலும் அது அவன் சொன்னதா நீங்க சொல்லவச்சதா? தெரியாது. பேச்சு ஆறணும். ஒரு வாரம் விட்டுத்தான் கூடணும்.”

“அதுக்குள்ள அங்க பனி உருகிருச்சுன்னா?”

“உருகினா உருகட்டும்.”

புதுக்கோட்டைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். நெட்டையரிடம் போய் மன்னிப்புக் கேட்டபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்காகத்தானே பேசினீர்கள் என்று தோளில் தட்டினார். ஆனால் அந்த வாரம் அவர் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். சைட்டில் கம்பியை முறுக்கிக்கொண்டிருப்பவர் திடீரென்று நிறுத்திவிட்டு வானத்தைப் பார்ப்பார். தோஹா வானத்தில் அந்த மலைப்பனியைப் பற்றி என்ன தெரியப்போகிறது? ஊரிலிருந்து ஒருதரம் போன் வந்தது. வாய்க்கால் தலைப்பில் பனிக்கட்டி விரிசல் விட ஆரம்பித்துவிட்டது என்றார்கள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சமையல்காரரிடம் போய்க் கெஞ்சியிருந்தால் ஒருவேளை காரியம் முடிந்திருக்கும். ஒரே ரூம், மேல் கட்டிலும் கீழ்க் கட்டிலும். அவர் வாயைத் திறக்கவில்லை. வீடு போனாலும் பரவாயில்லை, வழக்கம் கெடக் கூடாது என்று ஒரு மனிதன் இருக்க முடியும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சபை கூடியது. முதலில் சமையல்காரருக்குத் தேநீர். குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் பேசினார். தங்கப்பல்லர் எனக்குச் சொன்னது இது.

“பொம்பள உக்காரக் கூடாதுன்னு நான் சொல்லல. அவ பேருக்கு உக்காந்து, இவன் இங்கேருந்து போன்ல உத்தரவு போடுறதுக்குத்தான் நான் இல்லன்னு சொன்னேன். தண்ணி ஓடுற சத்தம் காதுல விழாதவன் தண்ணிக்கு எப்படி முறை சொல்லுவான்? அவ உக்காந்தா முழுசா உக்காரணும். அவ சொன்னா நாம கேக்கணும். இவனும் கேக்கணும். இல்லன்னா அந்த வீடு விழுந்தே போகட்டும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அப்போது எங்கள் ஊரிலும் பஞ்சாயத்துத் தலைவர் ஒரு பெண்தான். பெண்களுக்கு ஒதுக்கிய பதவி. கிராம சபையன்று நாற்காலியில் அவர் வீட்டுக்காரர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். தலைவர் அம்மா பின்னால் நின்று எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருப்பார். “தலைவர் வந்துட்டாரா?” என்று கேட்டால் அந்த ஆள்தான் “வந்துட்டேன், சொல்லு” என்பார். இதைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோமே தவிர, இது தப்பு என்று ஒருவர் எழுந்து நின்றதில்லை. கடுகெண்ணெய்க்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

நெட்டையர் முகம் சிவந்துபோனது. “அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் சொல்லல. அவ தனியா இருக்கா. கைப்பிள்ளை இருக்கு. ஒரு வருஷம் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. யார் வேணாலும் உள்ள நுழையலாம். நான் இங்க எப்படித் தூங்குவேன்?”

“யாருடா நுழையப் போறா?” என்றார் சமையல்காரர். “ஊர்ல இருக்கிறது நம்ம அம்மாக்களும் பொண்டாட்டிகளும் பல்லு போன கிழவங்களும்தான். நுழையக்கூடிய ஆம்பள பாதிப்பேரு இந்த மாடியில உக்காந்திருக்கோம். மீதிப்பேரு மலேசியாவுல இருக்கான்.”

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நெட்டையரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதுவிட்டார். பார்லி வயலுக்கு உரம் சுமக்கவும் கூரைப் பனி தள்ளவும் ஆளில்லாமல் அந்தப் பெண்கள்தான் எல்லாவற்றையும் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது அந்தச் சிரிப்பில்தான் எல்லாருக்கும் ஒரேயடியாக உறைத்திருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு நெட்டையர் சொன்னார்: “அவ முழுசா உக்காரட்டும். என் வீடு அவ சொல்லுக்குக் கட்டுப்படும்.”

சமையல்காரர் உடனே, “என் வீட்டுக்குச் சம்மதம்” என்றார்.

ஊருக்குப் போன் போட்டோம். அன்றைக்கு நல்லவேளையாக அங்கே வெயில். பெரியவரிடம் எல்லா வீடும் சரி என்று தங்கப்பல்லர் சொன்னார். எதிர்முனையில் ஒரே பெண்கள் சத்தம். பிறகு நெட்டையரின் மனைவியே பேசினார். நான் அந்தக் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை. காற்றில் ஏறி இறங்கிய குரல், ஆனால் தெளிவான குரல்.

“நாங்க இங்க எல்லாரும் எப்பவோ சரின்னு சொல்லியாச்சு. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். இவ்வளவு நாள் என்ன பண்ணினீங்க?” என்றார்.

மாடியில் ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாயில்லாத போன்காரன் என்பதால் தப்பித்தேன்.

பனி உருகியது, வாய்க்கால் திறந்தது, அவர் உட்கார்ந்தார். சேதி வந்த அன்று சமையல்காரர் எங்கள் ரூமுக்கும் சேர்த்து மோமோ செய்தார். மாவுக்குள் கறியை வைத்து ஆவியில் அவித்தது. புதுக்கோட்டைக்காரர் கொழுக்கட்டை கொழுக்கட்டை என்று அள்ளி அள்ளித் தின்றார். நெட்டையர் நிமிர்ந்து நடந்தார். வீடு வரிசையில் நின்றுவிட்டது, பெண் குழந்தைக்குப் பிற்காலத்தில் தண்ணீர் உண்டு. அதோடு கதை முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்து போன் லைன் கிடைத்த வெள்ளிக்கிழமை எல்லாரும் மாடிக்கு வந்துவிட்டார்கள். தலைவி பேசப்போகிறார் என்று சிலர் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். நெட்டையர்தான் முதலில் பேசினார். என்னதான் சத்தியம் செய்திருந்தாலும் பழக்கம் விடுமா? தண்ணீர் எப்படி வருகிறது, முதலில் யார் வயலுக்கு விட்டாய், பாலத்து வீட்டுக்காரர்கள் தகராறு செய்வார்களே, அவர்களை இந்தத் தடவை பின்னால் தள்ளு என்று அடுக்கிக்கொண்டே போனார். எதிர்முனையில் பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நான் குனிந்து செட்டைப் பார்த்தேன்.

“கேட்டாச்சா?” என்றது குரல். “இப்ப நான் சபையில முடிவானதைச் சொல்றேன். எல்லாரும் இருக்கீங்களா?”

இருக்கிறோம் என்றார்கள்.

“இனிமே ஊர்ல இருந்து இந்தத் தண்ணியக் குடிக்கிறவங்களுக்குத்தான் சபையில வாய். வெளியூர்ல இருக்கிறவங்க திரும்பி வந்து குடியிருக்கிற வரைக்கும் அவங்க வீட்டுக்கு, வீட்டுல இருக்கிறவங்க பேசுவாங்க. பொம்பளயா இருந்தாலும் சரி, கிழவியா இருந்தாலும் சரி. போன்ல சபை கிடையாது.”

தங்கப்பல்லர் இதை எனக்கு ஹிந்தியில் சொல்லும்போது குரல் பாதியில் நின்றுவிட்டது. ஊர்ச்சபை என்ற ஒன்றை நம்பித்தான் அவர்கள் அந்தக் கேம்ப்பில் மனிதர்களாக இருந்தார்கள். சைட்டில் அவர்கள் வெறும் நம்பர். ஹெல்மெட்டில் எழுதின நம்பர். இங்கே வட்டத்தில் உட்காரும்போதுதான் ஒவ்வொருவரும் ஒரு வீடு. அதை அந்தப் பெண் நாலு வாக்கியத்தில் எடுத்துவிட்டார். தன் வாய்க்காகப் போராடியவர்களின் வாயையே அடைத்துவிட்டார். எனக்கு அப்போது பாவமாகத்தான் இருந்தது.

சமையல்காரர்தான் கேட்டார். “எல்லா வீடும் சரின்னுச்சா?”

“எல்லா வீடும்.”

“யாரும் இல்லன்னு சொல்லலயா?”

“உங்க அம்மா சொன்னாங்க. புள்ளைங்க அங்க தனியாக் கிடக்கும்போது வாயையும் புடுங்கலாமான்னு கேட்டாங்க. அவங்களுக்குத்தான் முதல்ல டீ கொடுத்தோம். மறுபடி கூடி, மறுபடியும் கூடினோம். யாரும் அவங்ககிட்ட வெளியில பேசல. கடைசியில அவங்களே சரின்னு சொன்னாங்க.”

சமையல்காரர் தலையை ஆட்டினார். “அப்ப முடிஞ்சது” என்றார்.

ஒருவர் முணுமுணுக்கவில்லை. இதெல்லாம் செல்லாது என்று ஒருவரும் சொல்லவில்லை. வட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள், போனைப் பார்த்து லேசாகக் குனிந்தார்கள், கவிழ்த்த வாளியிலிருந்து தள்ளி நின்றார்கள். அதிகாரத்தைக் கைவிடுகிற மனிதர்களை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அதுவும் ஒரு கம்பி கட்டுகிறவரின் மனைவி, ஏழு கடல் தள்ளி, முகம்கூடத் தெரியாத தூரத்திலிருந்து சொல்லி. போலீஸ் இல்லை, கோர்ட்டு இல்லை, சொன்னதைக் கேட்காவிட்டால் இவர்களை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் கேட்டார்கள். நானும் ஏன் என்று தெரியாமல் எழுந்து நின்றிருந்தேன்.

நெட்டையர் மட்டும் போனுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று அத்தனை தவித்தவர். வீடு நின்றுவிட்டது, அதில் அவர் பேச்சுக்குத்தான் இடமில்லை. எதைக் கேட்டாலும் அது தண்ணீரைப் பற்றியதாகவோ ஊரைப் பற்றியதாகவோ போய் முடியும் என்று பயந்தவர் போல இருந்தார்.

“ஒண்ணு கேக்கலாமா?” என்றார், மெதுவாக.

“என்ன?”

“நேரத்துக்குச் சாப்பிடுறியா?”

தலைவி சொன்னார்: “அதைக் கேக்கலாம்.”